ஒட்டாத எண்கள்

யோசனை சொல்லும் ஜனங்களை நான் என்றைக்கும் மதித்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க வேலை பார்த்து, வட்ட வழங்கல் அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். மனு கொடுக்க வந்தவர்களில் ஒருவன்கூடத் தன் வீட்டு வாசலைத் தாண்டி யோசித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கையில் மாநிலத்தைத் தூக்கிக் கொடுப்பதுபோல யோசனை நிலையங்களைத் திறந்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் தென்குடிபுரத்தில் பழைய தாலுகா ஆபீஸிலேயே திறந்தார்கள். நான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அறையில் ஒரு திரை, ஒரு மைக். யார் வேண்டுமானாலும் உள்ளே போய், அரசாங்கம் இன்னதைச் செய்தால் நாடு உருப்படும் என்று சொல்லலாம். யோசனை தேறிவிட்டால் மறுவாரம் அது சட்டம். சொன்னவர் பெயரில் பலகை.

முதலில் பலகை வாங்கியது என் எதிர்வீட்டுக் குழந்தைவேலு. பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவன். கழிவறைச் சாவியைச் சுற்றியுள்ள கடைக்காரர்களிடம் கொடுங்கள், நாறினால் அவர்கள் கடை உரிமத்தை நிறுத்துங்கள் என்றான். தேறிவிட்டது. மாநிலத்தின் எல்லா பஸ் ஸ்டாண்டுகளிலும் கக்கூஸ் வாசலில் ‘தென்குடிபுரம் திரு. குழந்தைவேலு அவர்களின் யோசனை’ என்று எழுதி வைத்தார்கள். அதற்குக் கீழே நின்று மாலையோடு போட்டோ வேறு. கழிவறைகள் அதற்குப் பிறகு சுத்தமாகத்தான் இருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் தலைமையாசிரியர் தாண்டவராயர் குடும்பம் இருக்கும் தெருவை, ‘கக்கூஸ் குழந்தைவேலு தெருவா?’ என்று ஆட்டோக்காரன் கேட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. தாண்டவராயர் என் அப்பா. நான் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு நிலையத்துக்குப் போனேன்.

யோசனை அலுவலர் ரெஜினா என்ற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து நின்று நாற்காலி காட்டினாள். அதனால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

“இது எப்படித் தேறுது, தேறலைன்னு யாரும்மா சொல்றது? நீயா?”

“நானில்ல சார், நிழல். இந்த மாநிலம் மாதிரியே இன்னொரு மாநிலம் மெஷினுக்குள்ள இருக்கு. எட்டு கோடிப் பேருக்கும் ஆளுக்கொரு நிழல். உங்க யோசனையை அங்க அமல்படுத்தி அஞ்சு வருஷம் ஓட விடுவோம். இங்க ஒரு டீ குடிக்கிற நேரம். அங்க ஜனங்களுக்கு நல்லது நடந்தா இங்கயும் செய்வோம்.”

“எனக்கும் நிழல் இருக்கோ?”

“ஏன் சார் இல்லாம? நீங்க என்ன செய்வீங்களோ அதையே செய்யும்.”

“அப்ப நேர்மையா இருக்கும்” என்றேன்.

என் யோசனை எளிமையானது. பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது. அரிசி, மருந்து, ஆஸ்பத்திரிப் படுக்கை, பஸ் எல்லாம் அந்த எண்ணைக் காட்டினால்தான். செத்தவன் எண்ணையும் ஓடிப்போனவன் எண்ணையும் வைத்து வாங்கித் தின்கிற கூட்டத்தை நான் வாழ்நாளெல்லாம் விரட்டியிருக்கிறேன். ஒரு வீட்டில் எத்தனை வாய் என்பதை அரிசிப் பானையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆகவே எந்தக் குடும்பமும் ‘இது எங்கள் ஆள்’ என்று ஏற்றுக்கொள்ளாத எண்ணை நாற்பது நாளில் மூடிவிட வேண்டும் என்றேன்.

“ஏத்துக்கிறதுன்னா எப்படி சார்? அவங்கவங்களே வந்து சொன்னாப் போதுமா?”

“போலி எல்லாமே அவனவனே வந்து சொன்னதுதானம்மா. குடும்பத்துக்கு ஒரு தலை இருக்குல்ல? அந்தத் தலை சொல்லட்டும். அதுவும் இங்க ரகசியமா இல்ல. வார்டு சபையில, நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்து சொல்லணும். பொய் சொல்றவனுக்கு அங்க நாக்குக் கூசும்.”

அவள் ஏதோ சொல்ல வந்து, பிறகு தட்டச்சு செய்தாள். டீ வந்தது. நான் கடைசி மடக்கைக் குடிப்பதற்குள் திரை பச்சையானது.

“தேறிடுச்சு சார். ஆஸ்பத்திரி வரிசை மூணில் ஒரு பங்கு குறையுது. மருந்துத் தட்டுப்பாடே இல்ல. முன்னேற்றம் மிக நன்றுன்னு வருது. இது ரொம்ப அபூர்வம்.” அவளே கொஞ்சம் அசந்துபோனாள். “திட்டத்துக்கு உங்க பேரைப் போடலாமா?”

“தாண்டவராயர் திட்டம்னு போடு.”

தேறியதாக அவள் அச்சிட்டுக் கொடுத்த தாளைச் சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் அப்பா படத்துக்கு அடுத்து மாட்டினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராட்சிப் பள்ளியில் கூடும் வார்டு சபையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முதல் குடும்பத் தலைவராக நான்தான் மைக்கைப் பிடித்தேன். “என் வீட்டில் இருவர். நான் மாசிலாமணி. என் மனைவி சௌந்தரம்” என்றேன். கைதட்டினார்கள்.

என் வீட்டில் மூன்று பேர். மாடியறையில் என் மகள் திலகவதி இருந்தாள்.

அவளை நாக்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். நல்ல சம்பந்தம். சிறுவயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. நான்காம் மாதம் அவர்களுக்குத் தெரிந்தது. தங்கள் குடும்பப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, இரண்டு பெட்டியோடு அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒன்பது வருடம், கேட்டவர்களிடமெல்லாம் ‘திலகா நாக்பூரில் சௌக்கியம்’ என்று சொன்னேன். அவள் மாடியிலேயே இருந்து, திரையில் முகம் காட்டாமல் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கணக்கெடுப்புக்கு வந்தவனிடமும் இருவர் என்றே சொன்னேன்.

நாற்பது நாளில் அவள் எண் என்ன ஆகும் என்று நான் ஏன் யோசிக்கவில்லை? யோசிக்கவில்லை, அவ்வளவுதான். போலி என்றால் என் மனசில் வருவது அடுத்தவன் வீடு. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அவள் இல்லாமல் போயிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் சௌந்தரம் மருந்து நிலையத்திலிருந்து வெறுங்கையோடு வந்தாள். மாதாமாதம் மகளின் எண்ணை அழுத்தி, மெஷினிலிருந்து வலிப்பு மாத்திரை எடுத்து வருவது அவள்தான். மெஷின் கொடுத்த துண்டுச் சீட்டை என் மடியில் போட்டாள். ‘இந்த எண் மூடப்பட்டது. தாண்டவராயர் திட்டம்.’

“மாமா பேரைச் சொல்லி மருந்து இல்லேங்குது. எடுத்துப் படிங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க.”

“கடையில வாங்கு.”

“எந்தக் கடையில? எண் இல்லாம தலைவலி மாத்திரைகூட வெளிய வராது. தெரியாத மாதிரிப் பேசுறீங்களே.”

“கையில எத்தனை இருக்கு?”

“பதினொண்ணு” என்று மாடிப்படியிலிருந்து திலகவதி சொன்னாள். பாதிப் படிக்குக் கீழே அவள் வருவதில்லை. அது நான் போட்ட எல்லை. “பதினொரு நாளைக்கு வரும். அடுத்த சபை ஒம்பதாம் நாள். சொல்லிடுங்கப்பா.”

“என்னன்னு சொல்ல?”

“மூணு பேர்னு.”

கணக்கு டீச்சர் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் பேப்பரை விரித்தேன். சபையில் எழுந்து நின்றால் அவர்கள் கேட்பார்கள். ஒன்பது வருடம் எங்கே இருந்தாள், ஏன் வந்தாள், போன மாதம் இருவர் என்றது யார் என்று கேட்பார்கள். சால்வை போர்த்திய அதே மேடை. அப்பா பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாள் ரெஜினாவிடம் போனேன். “கௌரவமான குடும்பங்களுக்குச் சில சங்கடம் இருக்கும்மா. சபையில சொல்லணுங்கிற நிபந்தனையை எடுத்துட்டு, எழுதிக் கொடுத்தாப் போதும்னு மாத்தணும்” என்றேன்.

“அதையும் யோசனையாச் சொல்லுங்க சார். போட்டுப் பார்க்கிறேன்.”

சொன்னேன். டீ ஆறுவதற்குள் திரை சிவந்தது.

“தேறல சார்.”

“ஏன்? ஒரு சின்ன நிபந்தனைதானே?”

“நிழல் காரணம் சொல்லாது. நாமதான் உள்ள போய்த் தேடணும்.” என் முகத்தைப் பார்த்தாள். “உங்க வீட்ல யாராவது விட்டுப்போச்சா சார்?”

“என் வீட்ல ரெண்டு பேர்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஐந்தாம் நாள் குழந்தைவேலு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பாப்பா எண்ணை எங்க வீட்டோட ஒட்டிக்கிடுறேன். என் தங்கச்சின்னு சபையில சொல்லிடுறேன். எனக்கென்னண்ணே, கக்கூஸ்காரன். எங்கிட்ட எவன் கேக்கப் போறான்?”

“எந்தப் பாப்பா?”

அவன் சிரிக்கவில்லை. மாடியை அண்ணாந்து பார்த்தான். “ஒம்பது வருசமா மொட்டமாடியில சுடிதார் காயுது. அண்ணிக்கு ஏது சுடிதாரு?”

நான் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். இவனுக்குத் தெரியும். இவனுக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். இத்தனை வருடம் என் முகத்துக்கு நேரே ‘நாக்பூர்ல பாப்பா சௌக்கியமா?’ என்று கேட்டவன் இவன்.

“போலிப் பதிவு பண்றவனை ஜெயில்ல வெச்சவன் நான். என் வீட்டு வாசல்ல நின்னு அதையே பேசுறியா? போ வெளிய.”

“வெளியதாண்ணே நிக்கிறேன்.” பழத்தைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தான். “பாப்பாவுக்கு மலைவாழைன்னா உசிரு. கொடுத்துடுங்க.”

அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் மகளுக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. சௌந்தரம் எனக்குத் தெரியாமல் மாத்திரையை உடைத்துப் பாதிபாதியாகக் கொடுத்திருக்கிறாள். நான் சபையில் பேசமாட்டேன் என்று அவள் முடிவு கட்டி, பதினொரு நாளை இருபத்திரண்டாக்கப் பார்த்திருக்கிறாள். என்னோடு நாற்பத்து மூன்று வருடம் வாழ்ந்தவள். அவள் போட்ட கணக்கைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்?

திலகவதி நான் போட்ட எல்லையைத் தாண்டிக் கீழ்ப்படியில் கிடந்தாள். கண் செருகியிருந்தது. வாயோரம் நுரை. புடைத்த கழுத்தும் உதறும் கையும் பார்க்கச் சகிக்கவில்லை. உடுப்பு நனைந்து, வாடை வந்தது. நான் இரண்டடி பின்னால் போனேன். சௌந்தரம்தான் ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மகளை நான் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை அது. அழுகிப்போன எதையோ பார்ப்பதுபோல.

“இன்னொண்ணு இதைவிடப் பெரிசா வந்தா எந்திரிக்க மாட்டான்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா, மறந்துட்டீங்களா?”

“இருக்கு.”

“அப்ப துடைங்க.”

துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். புதிதாகக் கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று நிறையப் பேர் எண்ணை ஒட்ட வந்திருந்தார்கள். ரெஜினா பக்கத்தில் பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். வார்டு உறுப்பினர் என்னைப் பார்த்ததும், “ஐயா வந்துட்டாங்க, முதல்ல ஐயா பேசட்டும்” என்றார். சால்வை கொண்டுவரச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து வேகமாக மைக்கிடம் போனேன்.

“என் வீட்டில் மூவர். மூன்றாவது என் மகள் திலகவதி. அவள் நாக்பூரில் இல்லை. ஒன்பது வருடமாக என் வீட்டு மாடியில் இருக்கிறாள். அவளுக்கு வலிப்பு உண்டு. அதை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்தது நான். போன சபையில் இருவர் என்று சொன்னதும் நான்.”

காத்திருந்தேன். சிரிப்பார்கள், முணுமுணுப்பார்கள், யாராவது எழுந்து கேட்பார்கள் என்று காலை ஊன்றி நின்றேன். முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். பால்காரம்மா, “அதான் தெரியுமே. ரெண்டு பேருக்கு எதுக்கு ஒண்ணேகால் லிட்டர் பாலு? நீங்க ஒக்காருங்க சார்” என்றாள். “அடுத்தது யாரு?” என்றார் வார்டு உறுப்பினர்.

எதைக் காப்பதாக நினைத்து என் மகளைப் படியில் நிறுத்தினேனோ, அதற்கு ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எனக்கு என்மேலேயே குமட்டியது.

வெளியே கை கழுவும் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரெஜினா வந்தாள்.

“எண் திறந்தாச்சு சார். இன்னிக்கே மருந்து எடுத்துக்கலாம்.” போகாமல் நின்றாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். நிபந்தனையை மாத்துற யோசனை தேறலேன்னதும் நான் நிழலுக்குள்ள போய்ப் பார்த்தேன். உங்க வீட்டை.”

“என் வீட்டுல ரெண்டு பேர்னுதானே அதுக்குத் தெரியும்?”

“மூணுன்னு தெரியும் சார். உங்க அரிசி மூணு பேர் அரிசி. தண்ணி மூணு பேர் தண்ணி. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்களோ அப்படித்தான் அதுவும். எல்லா வீட்லயும் மறைச்சு வெச்சிருக்கிற ஆள் அதுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா தேறிச்சு?”

“தெரிஞ்சதாலதான் தேறிச்சு.” அவள் குரல் இறங்கியது. “யாரும் ஏத்துக்காத ஆளை அது ஜனத்தொகையில சேர்க்காது. அப்படித்தான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்கோம். அவங்களுக்குப் போற மருந்து, படுக்கை எல்லாம் மத்தவங்களுக்குத் திரும்புது. அவங்களுக்கு என்ன ஆனாலும் அது நஷ்டத்துல வராது. ஆஸ்பத்திரி வரிசை மூணில் ஒரு பங்கு குறையுதுன்னேனே, அது போலி எண்ணை மூடினதால இல்ல சார். போலி ரொம்பக் கம்மி. மத்ததெல்லாம் உங்க மக மாதிரி ஆயுசுக்கும் வைத்தியம் வேண்டிய ஆளுங்க. நாலு லட்சத்துச் சொச்சம்.”

“குடும்பத் தலைவர்கள் வந்து சொல்லிடுவாங்களே?”

“சபையில சொல்லணும்னா வரமாட்டாங்கன்னு அது கணிச்சிருக்கு. எழுதிக் கொடுத்தாப் போதும்னா நிறையப் பேர் வந்துடுவாங்க. அதனாலதான் நீங்க ரெண்டாவதாச் சொன்னது தேறல.”

குழாயை மூட மறந்திருந்தேன். அவள் எட்டி மூடினாள்.

“நிழல்ல நான்?”

அவள் கையிலிருந்த பதிவுக் கருவியைத் துடைத்தாள்.

“கேட்டேனே.”

“நீங்க வரல சார்.”

“என் மக?”

“ஏழாவது மாசத்தோட சரி.” பிறகு, ஏதோ ஆறுதல்போல, “அங்க உங்களுக்கு இன்னொரு சால்வை போட்டிருக்காங்க” என்றாள்.

அங்கேயே அவளை உட்காரவைத்து, தாண்டவராயர் திட்டத்தையே ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு யோசனை கொடுத்தேன். கருவியில் உடனே பதில் வந்தது. ‘இதனால் மாநிலத்துக்கு நன்மை இல்லை.’ என் அப்பாவின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்கவாவது செய்யுங்கள் என்றேன். நன்றாக நடக்கிற திட்டத்தின் பெயரை மாற்ற விதியில்லையாம். அந்த விதி எனக்குப் புதிதில்லை. நானே எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை கூடத்தில் மாட்டிய தாளைக் கழற்றினேன். அதன் பின்பக்கத்தில், இந்தத் தாலுகாவில் எனக்கு ஞாபகம் இருக்கிற வீடுகளை எழுதத் தொடங்கினேன். அட்டையில் ஐந்து பேர், பானையில் ஆறு பேர் என்று நான் பார்த்த வீடுகள். அந்த ஆறாவது வாயைத் திருட்டு என்று எழுதி வெட்டியவன் நான். பின்கட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எழுதி முடித்தபோது அறுபத்திரண்டு வீடு வந்தது.

திலகவதி இறங்கி வந்தாள். எல்லாப் படியும் இறங்கி வந்தாள். புடவை கட்டியிருந்தாள். “நானும் வர்றேன்” என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சௌந்தரம் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தாள்.

வழியில் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “உங்க புண்ணியத்துல ஆஸ்பத்திரியில அரைமணி நேரத்துல பார்த்துட்டாங்க சார். நல்லாயிருக்கணும் நீங்க.” நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. கை வரவில்லை.

முதல் வீடு பொன்னம்பலத்தினுடையது. மில்லில் மேற்பார்வையாளராக இருந்தவர், என் வயது, என் மாதிரியே மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய தம்பி ஒருவன் புத்தி தவறிப் பின்கட்டில் இருப்பதாகப் பல வருடம் முன்பு என் ஊழியன் ஒருவன் சொன்னது ஞாபகம். பொன்னம்பலம் கதவைப் பாதி திறந்தார். நான் எண்ணைப் பற்றிச் சொன்னேன். நாற்பது நாள் முடிந்திருந்தாலும் அடுத்த சபையில் சொன்னால் திறந்துவிடுவார்கள் என்றேன். கூட நான் வந்து நிற்கிறேன் என்றேன். அவர் என் மகளைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

“எங்க வீட்ல அப்படி யாரும் இல்லையே சார்” என்றார். “நாங்க நாலு பேர்தான்.”

குரல் தடுமாறவில்லை. கண் இமைக்கவில்லை. எவ்வளவு நேர்த்தியான குரல்! ஒன்பது வருடம் அது என் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வெளியே நின்று கேட்கும்போதுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

கதவு சாத்திக்கொண்டது. பின்கட்டில் ஒரு தட்டு விழுந்து உருண்டது. யாரோ யாரையோ அதட்டினார்கள். பிறகு சத்தமே இல்லை.

நான் திரும்பினேன். திலகவதி திரும்பவில்லை. என்னைத் தாண்டிப் போய், அந்தக் கதவை மறுபடியும் தட்டினாள்.